படிகளை விழுங்கிய தெரு

முதல் தார் ரோடு வந்த வருடம் தையல்காரர் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சின்ன வயதிலேயே சூம்பிப்போன கால்களில் ஒன்றில் புண் வந்து ஆறாமல் போயிருந்தது. கட்டோடு வீட்டுக்குத் திரும்பிய அன்று வாசலைப் பார்த்தவர் அப்படியே வண்டியை நிறுத்திவிட்டார். மூன்று படி இருந்த இடத்தில் படியையே காணோம். தெருவிலிருந்து நிலைப்படி வரைக்கும் வழவழவென்று ஒரு தார்ச் சரிவு ஏறியிருந்தது. கையால் சுற்றி ஓட்டும் அவருடைய மூன்று சக்கர வண்டி, ஒரே மூச்சில் தையல் மிஷின் பக்கத்தில் போய் நின்றது.

அதுவரை அவர் வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து அந்த மூன்று படியை ஏறுவார். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஏறமாட்டார். வண்டியில் உட்கார்ந்தபடியே நூல்கண்டைப் பிரிப்பதுபோலவும் சுற்றுவதுபோலவும் பாசாங்கு செய்துகொண்டு, தெரு காலியாகும்வரை காத்திருப்பார். அதை ஒருவரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

"மிச்சக் கலவையைக் கொட்டிட்டுப் போயிருக்காங்க. காண்ட்ராக்டருக்கு நல்ல மனசு" என்றாள் மனைவி. தையல்காரர் காண்ட்ராக்டருக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். காண்ட்ராக்டரும் ஒரு வார்த்தை மறுக்காமல், "பரவாயில்ல, இருக்கட்டும்" என்று தலையாட்டி வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த, ரோட்டு வேலை பார்க்கும் ரோட்டக்கா, "சட்டை நல்லா எடுப்பா இருக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சரிவைப் போட்டது ரோட்டக்காதான். வேலை முடிந்து எல்லோரும் கை கால் கழுவப் போன சாயங்காலம், ஆறிப்போகுமுன் ஐந்து சட்டிக் கலவையைத் தன் தலையில் சுமந்து வந்து கொட்டினார். அடியில் மூன்று கருங்கல்லை முட்டுக்கொடுத்து, கட்டையால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். தையல்காரருக்கு இது இருபது வருடம் தெரியாது.

அந்தச் சிற்றூரின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நகரத்தை விட்டுக் கிளம்பும் ரயில் முதன்முதலில் மூச்சு வாங்க நிற்கும் இடம் அது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நகரம், இந்தப் பக்கம் இவர்கள். வடக்கே ஒரு கல் குன்று. தெற்கே ஒரு கால்வாய். நடுவில் மேட்டுத் தெரு, நடுத் தெரு, பள்ளத் தெரு என்று ஏணிப்படிபோல மூன்றே தெரு.

எல்லா ஊரிலும் மேட்டில்தான் பழைய வீடுகள் இருக்கும். இங்கே தலைகீழ். குன்றில் கல் உடைக்க வந்த குடும்பங்கள்தான் முதலில் இங்கே குடியேறியவை. மேட்டில் வெடிச் சத்தம், கல் தூசி. ஆகவே தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும் என்று கால்வாய் ஓரமாக இறங்கி வீடு கட்டினார்கள். அதுதான் பள்ளத் தெரு, தையல்காரர் வீடு இருக்கும் தெரு. கட்டினவர்கள் ஏமாளிகள் இல்லை. எந்த வீடானாலும் வாசலில் மூன்று படி இருந்தாக வேண்டும் என்று தங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். "கால்வாய்த் தண்ணி வரட்டும், படியில உக்காரட்டும், போகட்டும். உள்ள வந்து பாய் கேக்கக் கூடாது" என்பார்களாம். அதன்படியே நடந்தது. பெரிய மழைக்குத் தண்ணீர் இரண்டாம் படிவரை வந்து, ஒரு நாள் இருந்துவிட்டு, வந்த வழியே போய்விடும்.

பிறகு குன்றில் வெடி வைப்பது நின்றது. தூசி அடங்கியதும் மேட்டுத் தெருவில் வசதியானவர்கள் வந்து மாடி வீடு கட்டினார்கள். உடைத்துக் குவித்திருந்த கல்லெல்லாம் ஜல்லியாகி, தாரில் புரண்டு, மூன்று தெருவுக்கும் ரோடாக இறங்கியது. குன்று குறையக் குறைய ரோடு உயர்ந்தது.

ரோட்டக்கா பிறந்ததே அந்தக் குன்றின் அடியில் ஒரு தகரக் கொட்டகையில். அம்மா கல் உடைக்க, பிள்ளை ஜல்லியில் தவழ்ந்தது. பள்ளிக்கூடம் மூன்று வருடம். எழுத்து கைவந்தது, கணக்கு வருவதற்குள் சுத்தியல் கைக்கு வந்துவிட்டது. பதினைந்து வயதில் ரோட்டு வேலைக்குப் போனார். தலையில் சும்மாடு, அதன்மேல் சட்டி, காலில் சாக்குச் சுற்று, சேலைக்குமேல் ஒரு ஆம்பளைச் சட்டை. கொதிக்கும் கலவையைக் கொட்டும்போது புகை முகத்தில் அடிக்கும். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "திரும்பிக்கிட்டா கோணலா விழும்" என்று அக்கா திரும்பமாட்டார்.

ரோலர் ஓட்டுகிறவரையே கட்டிக்கொண்டு பள்ளத் தெருவில் குடியேறினார். அவரை ஊரே ரோலர் மாமா என்றது. வருடக்கணக்காக அந்த இரைச்சலில் இருந்து மாமாவுக்குக் காது போய்விட்டது. "எங்க வீட்டுல ஒரு சண்டையை ரெண்டு தடவை போடணும்" என்பார் அக்கா. "மொதத் தடவை அவருக்குக் கேக்காது. ரெண்டாந்தடவை போடுறதுக்குள்ள எனக்குக் கோவம் போயிடும். அதான் குடும்பம் நடக்குது." குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது இழுத்தால், "ஆண்டவன் ஆள் பாத்துத்தான் குடுப்பான். எனக்குத் தெருவையே குடுத்துட்டான்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அக்காவின் வேலைச் சட்டையைத் தைப்பது தையல்காரர்தான். சட்டி உராய்ந்து தோள்பட்டை சீக்கிரம் கிழியும். அங்கே இரட்டைத் துணி வைத்து, நடுவில் பழைய போர்வைத் துண்டைச் சொருகித் தைப்பார்.

"தம்பி, உள்பக்கம் ஒரு பை வெச்சுடு."

"உள்ள பை எதுக்குக்கா? புதையலா?"

"சீப்புடா. வேலை முடிஞ்சு தெருவுல நடக்கும்போது தலையாவது மனுசத் தலையா இருக்க வேணாமா?"

இரண்டாம் முறை ரோடு போட்டபோது, தையல்காரரின் சரிவுக்கு அடியில் இருந்த கீழ்ப்படி உயரத்துக்குத் தெரு ஏறியது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். அது முறை. ஆனால் சுரண்டுவதற்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும். ஆகவே போட்டதன்மேலேயே போட்டார்கள். யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. ரோடு ஏறியதால் தையல்காரரின் சரிவு குட்டையாகி, வண்டி இன்னும் லேசாக ஏறியது. மூன்றாம் முறை போட்டபோது நடுப்படி போனது. நான்காம் முறை மேல்படியும் போய், வீடும் தெருவும் ஒரே மட்டமாகிவிட்டது. "இப்ப நான் ராஜா மாதிரி போய் வரேன்" என்றார் தையல்காரர். தெருப் பிள்ளைகள் அவர் வீட்டுக்குள் பந்து உருட்டி விளையாடினார்கள். முன்னோர்கள் ஏன் மூன்று படி கட்டினார்கள் என்பதை அந்த மட்டமான வாசலில் நின்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஐந்தாம் முறை வந்தது. அப்போது ரோட்டக்கா ஆட்களுக்கு மேஸ்திரி. மேட்டுத் தெருவுக்கு வந்த கலவையில் ஒரு லாரி மிஞ்சியது. வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பப் பார்த்த காண்ட்ராக்டரிடம் அக்கா வழி மறித்து நின்றார்.

"எங்க தெருவுக்கு எறக்குங்க."

"உங்க தெருவுக்குத்தான் அளவுப்படி போட்டாச்சே?"

"எல்லா மழைக்கும் குழி விழறது எங்க தெருவுலதான். இத்தனை வருசம் ஊரான் ஊருக்கெல்லாம் போட்டிருக்கேன். என் தெருவுக்கு ஒரு தடவை கெட்டியா போட்டுக்கறேன். கேட்டதில்ல, கேக்கறேன்."

காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே இறக்கச் சொன்னார். பள்ளத் தெருவில் ரோடு மற்ற தெருக்களைவிட இரண்டு மடங்கு கனத்தில் எழுந்தது. மாமா ரோலரை நாலு தடவைக்குப் பதில் எட்டுத் தடவை ஓட்டினார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. "அக்கா இருக்கும்போது நமக்கென்ன குறை" என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அக்கா சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமையைத் தையல்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போது வீடு தெருவைவிட ஒன்றரைப் படி பள்ளத்தில் இருந்தது. "அக்கா, வண்டி உருண்டு விழாம எறங்கற மாதிரி கொஞ்சம் இழுத்து விடுங்க" என்று தையல்காரர் கேட்க, அக்கா ரோட்டிலிருந்து வீட்டை நோக்கி ஒரு சரிவு இழுத்துவிட்டார். எல்லோரும் பார்க்கத்தான் போட்டார்.

அந்த வருட மழை ஒரு மத்தியானத்தில் வந்தது. குன்றில் விழுந்த தண்ணீர் மேட்டுத் தெரு வழியாக, நடுத் தெரு வழியாக, புதுத் தாரில் எங்கும் தங்காமல் ஓடி வந்தது. முன்பெல்லாம் அது பள்ளத் தெருவைக் கடந்து கால்வாயில் விழும். இப்போது நடுவில் ரோடு அணைபோல நின்றது. வந்த தண்ணீர் வழி தேடிப் பார்த்தது. தையல்காரர் வாசலில் "வா வா" என்று கூப்பிடுவதுபோல ஒரு சரிவு இருந்தது.

பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள் இருந்தது. தைத்து மடித்த சீருடைகள் மேஜையில், தைக்க வேண்டிய துணிக்கட்டுகள் தரையில். மனைவி கட்டில்மேல் ஏறி நின்று துணியை வாரி வாரிப் பரணில் போட்டாள். தண்ணீர் மிஷின் ஸ்டாண்டின் கால்களை மூடியது. தையல்காரர் வண்டியில் உட்கார்ந்தபடியே மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு ரோட்டக்கா வந்தார். முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"ஏறு."

"வேணாம்க்கா. மிஷினு..."

"மிஷினை மாமா தூக்குவாரு. நீ ஏறு."

நாற்பது வருடம் சட்டி சுமந்தவரின் முதுகில் தையல்காரர் ஏறினார். நடுத் தெருப் பள்ளிக்கூடம்வரை சுமந்துகொண்டு போனார் அக்கா. ஊரே பார்த்தது. தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "சோறு போடறாளா உன் பொண்டாட்டி? ஒரு சட்டி ஜல்லி கனம்கூட இல்லையே" என்றார் அக்கா. பேச்சுக்கு நடுவே இருமல் வந்து வந்து போனது. தார்ப்புகை அவர் நெஞ்சில் எப்போதோ குடியேறியிருந்தது.

தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனது. போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்து, வாளி வாளியாக மொண்டு ஊற்றித்தான் போனது. ஐந்தாம் நாள் காலை கடப்பாரைச் சத்தம் கேட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். ரோட்டக்கா அவர் வாசல் சரிவை உடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க? அது இருந்தாத்தான் என் வண்டி வரும்!"

"அது இருந்தாத்தான் தண்ணியும் வரும் தம்பி. ஒடைச்சிட்டு ஒரு முழத்துக்குத் தடுப்புக் கட்டிடறேன்."

"தடுப்பு கட்டினா நான் எப்படி வெளிய வர்றது?"

கடப்பாரை நின்றது. சரிவு இருந்தால் தண்ணீர் வரும். சரிவு போனால் வண்டி போகாது. இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா பாத்து ஒடைங்க. அடியில என்ன கெடக்கோ" என்றாள் மனைவி, எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"மூணு கருங்கல் கெடக்கு" என்றார் அக்கா. அக்காவுக்கு ரோட்டு வேலையில் எல்லாம் தெரியும் என்று அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அக்கா உடைந்த தாரின்மேல் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "ஆண்டவன் கல்லை மேல வெச்சான், தண்ணியைக் கீழ வெச்சான். நாம கல்லைக் கொண்டாந்து தண்ணியோட எடத்துல கொட்டிட்டோம். அதுவும் போதாதுன்னு நான் ஒரு லோடு கேட்டு வாங்கிப் போட்டேன். என் வாயால கேட்டேன் தம்பி. என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டிருந்தா பரவாயில்ல. உன் தலையிலயும் போட்டுட்டேனே."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. நல்லதுக்குத்தானே கேட்டீங்க."

"நல்லதுக்குத்தான். நல்லதுக்குப் போட்ட ரோட்டுலதான் தண்ணி ஓடிவந்துச்சு."

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே வேலை. பள்ளத் தெரு ரோட்டைச் சுரண்டி எடுக்க வைக்க வேண்டும். முதலில் காண்ட்ராக்டரிடம் போனார். "அக்கா, ரோடு போடத்தான் டெண்டர் விடுவாங்க. எடுக்க எவன் விடுவான்?" என்று அவர் கையை விரித்தார். நகரத்தில் இருக்கும் ரோட்டு அலுவலகத்துக்குப் போனார். ஒரு சனிக்கிழமை தையல்காரரும் கூடவே போனார், ரயில் கேட்டைத் தாண்டி, அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு வர. அந்த அலுவலகத்துக்கும் வாசலில் ஏழு படி. தையல்காரர் கீழேயே வண்டியில் இருந்தார். இளம் என்ஜினியர் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நல்ல பிள்ளைதான். மரியாதையாகத்தான் பேசினார்.

"போட்டு ஆறு மாசம்கூட ஆகாத ரோட்டை எடுக்க முடியாதுங்கம்மா. எல்லாரும் வீட்டை உசத்திக்கிறாங்க. நீங்களும் உசத்திக்குங்களேன்."

"வீட்டை உசத்தினா மறுபடியும் நீங்க ரோட்டை உசத்துவீங்க. கடைசியில குன்று ஒசரத்துக்கு நாங்க போயிடுவோம், அப்படித்தானே?" என்றார் அக்கா.

என்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். சிரித்துவிட்டு அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகும் அக்கா ஐந்து முறை தனியாகப் போனார். கடைசி இரண்டு முறை பாதி வழியில் இருமல் தாங்காமல் தண்டவாளத்து ஓரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அடுத்த மழை முந்திக்கொண்டது. இந்த முறை தையல்காரர் வீட்டில் தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. ரோட்டக்கா வீட்டிலும் அதே கதைதான். ஆனால் அவர்கள் பலகை போட்டுத் தாண்டிக்கொள்ளலாம், கால் இருந்தது. தையல்காரருக்கு அது முடியாது. நூறு வருடப் பழைய கல் சுவர் ஊறி, உள் அறையில் ஒரு பக்கம் வயிறு தள்ளியது. சாமி கும்பிடும் மாடத்தில் பச்சை பூத்தது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் சீருடை வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஈரத் துணியைத் தரும் தையல்காரரிடம் யார் வருவார்கள்? அவருடைய தாத்தா குன்றிலிருந்து ஒவ்வொரு கல்லாகச் சுமந்து வந்து கட்டிய வீடு அது. மைத்துனர் இருக்கும் ஊரில், தூரத்தில், ஒரு கடை காலியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். நான்காம் நாள் தையல்காரர், "சரி" என்றார்.

ஊரை விட்டுப் போன பிறகு அவர் திரும்ப அங்கே வரவில்லை, ரோட்டக்காவையும் பார்க்கவில்லை. பதினோரு மாதம் கழித்து ஒரு விடியற்காலை ரோலர் மாமாவிடமிருந்து போன் வந்தது. "அக்கா போயிட்டா தம்பி!" என்று அந்தக் காது கேளாத மனிதர் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். தையல்காரர் எப்போது, எப்படி என்றெல்லாம் கேட்டார். அவ்வளவு தூரம் உடனே வர வழியில்லையே என்றும் சொன்னார். ஒன்றும் அந்தப் பக்கம் கேட்கவில்லை. "மூச்சு நின்னு போச்சு தம்பி! கேக்குதா? போயிட்டா!" என்று மாமா மறுபடி மறுபடி கத்திக்கொண்டே இருந்தார். வீட்டில் எதையும் இரண்டு தடவை சொல்லக் கேட்டே பழகியவர்.

அன்று முழுக்கத் தையல்காரர் மிஷினில் உட்கார்ந்து அக்கா அளவுக்கு ஒரு வேலைச் சட்டை தைத்தார். தோளில் இரட்டைத் துணி. உள்பக்கம் ஒரு பை. தைத்து முடித்து மடித்து வைத்தபோது, ஊரை விட்டு வந்த அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது.

மினி லாரி பள்ளத் தெருவில் நின்றிருந்தது. கட்டில், மேஜை, பெட்டி எல்லாம் ஏறியாயிற்று. தையல் மிஷினைத் தூக்க இரண்டு ஆள் வந்தார்கள். அக்கா விடவில்லை. சும்மாட்டைத் தலையில் வைத்து, "ஏத்தி விடுங்கடா" என்று அதட்டி, அந்த இரும்பைத் தன் தலையிலேயே சுமந்து கொண்டுபோய் லாரியில் இறக்கினார். இறக்கிவிட்டு நெடுநேரம் இருமினார். தையல்காரரைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்ததும் அவர்தான். கண்ணில் தண்ணீர் இல்லை. கொதிக்கும் கலவையிலேயே முகத்தைத் திருப்பாதவர் இதற்கா திருப்புவார். கதவில் கை வைத்துக்கொண்டு, பாதி உடைந்த அந்தச் சரிவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூணு படி ஏறற வீடா பாத்துப் புடி தம்பி. சமமா இருக்குன்னு ஆசைப்பட்டுடாத. ஏற முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, நான் வந்து சரிவு போட்டுத் தரேன். இந்தத் தடவை அதுக்காக நீ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்க வேணாம்."